தாளிசபத்திரியும் ஊசியிலை மரங்களின் தற்காப்பும்

பெங்களூர் நகரின் அல்சூர்ப் பகுதி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஊசியிலை மரங்கள் இயற்கையாக வளரும் நிலம் அதுவன்று. எனினும், அல்சூர்க் கடைவீதி போன்ற பழைய கடைவீதிகளிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் ஓர் ஊசியிலை நெடுங்காலமாக விற்பனையாகி வருகிறது. தாளிசபத்திரி என்பது அதன் பெயர். இருமல், இரைப்பு, கபம் ஆகியவற்றிற்கு வழங்கப்பெறும் தாளிசாதி சூரணம் இச்சரக்கினாலேயே அப்பெயர் பெற்றது. இமயமலையில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் வளரும் ஃபர் என்னும் மரத்தின் உலர்ந்த இலையே அது. தாவர நூலார் அம்மரத்தை ஏபியஸ் வெப்பியானா என்றும், ஏபியஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்றும் குறிப்பிடுவர்.

இவ்விலையின் மணமும் கைப்பும் மனிதனுடைய இருமலுக்காக உண்டானவை அல்ல. பூச்சி, பூஞ்சை, மேயும் விலங்கு ஆகியவற்றிடமிருந்து தன் இலையைக் காத்துக்கொள்ள மரம் தயாரித்த பொருள்களே அவை. அதே மலைக்காடுகளில், ஃபர் மரத்தின் நிழலிலேயே, ஏறக்குறைய அதே தோற்றமுடைய இலைகளைக் கொண்ட வேறொரு மரமும் வளர்கிறது. அது யூ மரம். அதன் தற்காப்பு முறை வேறு. அதன் இலை கொடிய நஞ்சு. இவ்விரண்டு இலைகளும் வணிகத்தில் ஒரே பெயரால் விற்கப்பட்டதுண்டு. ஆகையால், ஊசியிலைகளின் இரசாயனத் தற்காப்பு எத்தகையது என்று அறிந்திருப்பது வெறும் ஏட்டறிவு மட்டுமன்று. மருந்தையும் நஞ்சையும் பிரித்தறிவதற்கு அதுவே துணை.

எது ஊசியிலை, எது அன்று

ஊசியிலை மரங்கள் பூவாத் தாவர வகையைச் சேர்ந்தவை. அவற்றின் விதைகள் கனிக்குள் அடங்காமல், பெரும்பாலும் கூம்பு போன்ற உறுப்பின் செதில்கள்மீது திறந்த நிலையில் அமைந்திருக்கும். உலகில் இத்தகைய மரங்கள் 600 இனங்களுக்கு மேல் உள்ளன. இந்தியாவில் இவற்றின் தாயகம் பெரும்பாலும் இமயமலையே. சீர் பைன், நீலப் பைன், தேவதாரு, ஸ்ப்ரூஸ், ஃபர், ஜூனிபர், யூ ஆகியவை அங்கு உயரத்திற்கேற்பப் படிப்படியாகக் காணப்படுகின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணப்படும் பைன் தோப்புகள் மனிதர் கொண்டுவந்து நட்டவை.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் ஒன்றே ஒன்று. நாகியா வாலிச்சியானா என்னும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைக்காடுகளில் வளர்கிறது. வியப்பு யாதெனில், அதன் இலை ஊசி போன்றதன்று, அகன்றது. முன்பின் அறியாதவர் அதனைச் சாதாரணப் பூக்கும் மரமென்றே கொள்வர். பெயர் ஊசியிலை மரம் என்றிருப்பினும், இலையின் வடிவத்தை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

இதற்கு நேர்மாறான சான்று சவுக்கு. அது பைன் மரத்தைப் போலவே தோன்றினும் பூக்கும் தாவரமே. சவுக்கில் ஊசியெனக் காண்பவை இலைகள் அல்ல. பசிய சிறு கிளைகள். உண்மையான இலைகள் கணுக்களைச் சுற்றி நுண்ணிய பற்களாகக் குறுகியிருக்கின்றன. பெங்களூரின் பழைய தண்டுப் பகுதித் தோட்டங்களிலும் லால்பாக் தோட்டத்திலும் உயர்ந்து நிற்கும் அராகேரியா மரமோ உண்மையான ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது. பொதுமக்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கும் அது தென்கோளத்திலிருந்து வந்தது.

நெடுநாள் வாழும் இலை

தேக்கு மரம் ஆண்டுதோறும் இலையை உதிர்த்துவிட்டுப் புதிய இலைகளைத் தோற்றுவிக்கிறது. பூச்சிகள் ஓராண்டின் இலைகளைத் தின்றுவிட்டாலும் அடுத்த ஆண்டில் இழப்பை ஈடுசெய்துகொள்ளலாம். ஊசியிலை மரங்களிற் பெரும்பாலானவற்றிற்கு இவ்வசதி இல்லை. அவற்றின் இலைகள் பல ஆண்டுகள் கிளையிலேயே தங்கி உணவு தயாரிக்கின்றன. அமெரிக்க மலைகளில் வளரும் முட்கூம்புப் பைன் என்னும் மரத்தில் ஓர் இலை 30 ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் நிலைத்திருக்கும்.

குளிர் மிகுந்த, மண்வளம் குறைந்த இடங்களில் ஓர் இலையை உண்டாக்குவது மரத்திற்குப் பெருஞ்செலவு. அவ்வாறு உண்டாக்கிய இலையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினாலன்றி அச்செலவு ஈடாகாது. ஆகையால் இம்மரங்கள் தம் வருவாயின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிற்கென ஒதுக்குகின்றன. இலையின் தடித்த புறத்தோலும் மெழுகுப் பூச்சும் முதல் அரண். டானின் முதலிய துவர்ப்புப் பொருள்கள் இரண்டாவது அரண். இவை புரதங்களோடு இணைந்து இலையைச் செரிப்பதற்கு அரிதாக்குகின்றன. இவற்றைக் கடந்து உள்ளே கடிக்கும் பூச்சி எதிர்கொள்வது மூன்றாவது அரண். அதுவே பிசின்.

பிசின் செயற்படும் விதம்

பைன் அல்லது ஃபர் இலையைக் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்தால், விளிம்பை ஒட்டி வட்டமான சிறு துளைகள் தென்படும். இவை பிசின் நாளங்கள். ஃபர் இலையில் இவை பொதுவாக இரண்டு. நாளத்தைச் சூழ்ந்துள்ள மெல்லிய செல்கள் பிசினைச் சுரந்து உள்ளே நிரப்புகின்றன. தான் தயாரிக்கும் கடும்பொருள் தன்னையே தாக்காதவாறு அதனைத் தனி நாளத்தில் அடைத்து வைப்பது மரத்தின் முன்னேற்பாடு.

பிசினிலுள்ள பொருள்களிற் பெரும்பாலானவை டெர்ப்பீன்கள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் அமைப்பு எளிமையானது. ஐசோப்ரீன் என்னும் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட அலகே இதன் செங்கல். ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வாலாக் இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1910-இல் நோபல் பரிசு பெற்றார். அப்பணியை விரிவாக்கிய லியோபோல்ட் ருசிக்கா 1939-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு அலகுகள் சேர்ந்தால் பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட பைனீன், லிமோனீன் போன்ற ஆவியாகும் பொருள்கள் உண்டாகின்றன. ஊசியிலைக் காட்டின் மணம் இவற்றினாலேயே எழுகிறது. நான்கு அலகுகள் சேர்ந்தால் இருபது கார்பன் அணுக்கள் கொண்ட கனமான பொருள்கள் தோன்றுகின்றன. ஒட்டுந்தன்மையுள்ள பிசின் அமிலங்கள் இவ்வகையின.

இவ்விரு வகைகளும் ஒன்றற்கொன்று துணை செய்கின்றன. இலேசான டெர்ப்பீன்கள் கரைப்பானாகப் பயன்பட்டுப் பிசின் அமிலங்களை நாளத்தினுள் திரவ நிலையில் வைத்திருக்கின்றன. பூச்சி கடித்து நாளம் அறுபட்டவுடன் திரவம் வெளியே பாய்ந்து அதன் வாயுறுப்புகளை நனைக்கிறது. டெர்ப்பீன்கள் அதன் உடலில் நஞ்சாகச் செயற்படுகின்றன. பின்னர் அவை காற்றில் ஆவியாகிவிட, எஞ்சிய பிசின் அமிலங்கள் இறுகிக் காயத்தை மூடுகின்றன. இவ்வாறு தாக்குவதும் கட்டுப் போடுவதும் ஒரே சுரப்பின் இரு வேலைகளாகின்றன. சீர் பைன் மரத்தண்டிலிருந்து எடுக்கப்படும் பிசினைக் காய்ச்சி வடித்துக் கற்பூரத் தைலத்தையும் ரோசனத்தையும் பிரிக்கும் தொழிலும் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது. ஆவியாவது தைலம், எஞ்சுவது ரோசனம்.

இலை உதிர்ந்த பின்னும் இப்பொருள்களின் செல்வாக்கு நீங்குவதில்லை. சீர் பைன் சருகு எளிதில் மட்குவதில்லை. கோடைக்காலத்தில் அது தரையில் மெத்தையாகப் படிந்து, ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்கிறது. உத்தராகண்டிலும் இமாசலப் பிரதேசத்திலும் வனத்துறை ஊழியர்கள் கோடைதோறும் எதிர்கொள்ளும் காட்டுத்தீக்கு இச்சருகு ஒரு முக்கிய காரணம்.

பூச்சியின் பருவத்தைக் குலைக்கும் பொருள்கள்

நஞ்சூட்டிக் கொல்வது ஒன்றே தற்காப்பு முறையன்று. பூச்சி வளர்ந்து இனம் பெருக்காதபடி தடுப்பதும் ஒரு முறையே. இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்டது.

1960-களின் நடுவில் பிராகா நகரைச் சேர்ந்த காரெல் ஸ்லாமா என்னும் விஞ்ஞானி, அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்பவருடன் பணியாற்றச் சென்றார். தாம் ஆராய்ந்துவந்த செந்நாவாய்ப்பூச்சிகளையும் உடன் கொண்டுசென்றார். ஐரோப்பாவில் ஒழுங்காக ஐந்து இளம்பருவங்களைக் கடந்து முதிர்ச்சியடைந்த அப்பூச்சிகள், ஹார்வர்டில் முதிர்ச்சியடையவே இல்லை. ஆறாவது, ஏழாவது இளம்பருவங்களை எய்தி, பெருத்த குஞ்சுகளாகவே மடிந்தன. உணவு, நீர், ஒளி என ஒவ்வொன்றாக ஆராய்ந்த பின்னர், காரணம் கூண்டினுள் விரித்திருந்த காகிதம் எனத் தெரியவந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்களும் இதே விளைவைத் தந்தன. இலண்டன் செய்தித்தாளின் காகிதம் தரவில்லை. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபர் என்னும் மரத்தின் கூழிலிருந்து செய்யப்பட்டது. பூச்சியின் இளமையைக் காக்கும் ஹார்மோனைப் போன்று செயற்படும் பொருள் அம்மரத்தில் இருந்தது. 1966-இல் அது பிரித்தெடுக்கப்பட்டு ஜுவாபியோன் எனப் பெயரிடப்பட்டது. இந்தியாவில் பருத்தியைத் தாக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உருமாற்றத்தையும் இப்பொருள் தடுக்கிறது என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தாளிசபத்திரி மரமும் பால்சம் ஃபர் மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அதே 1966-இல் இதற்கு எதிரான முறையும் வெளிப்பட்டது. ஜப்பானிய விஞ்ஞானி கோஜி நாகனிஷியும் அவருடைய குழுவினரும் போடோகார்ப்பஸ் என்னும் ஊசியிலை மரத்தின் இலைகளை ஆராய்ந்து, பூச்சிகளின் தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனை ஒத்த பொருளைக் கண்டனர். இதன் அருமை புரிய வேண்டுமாயின் பழைய செய்தி ஒன்றை நோக்கவேண்டும். 1954-இல் ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் ஆகியோர் 500 கிலோகிராம் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் தோலுரிப்பு ஹார்மோனையே பெற முடிந்தது. பூச்சி அணுவளவே தயாரிக்கும் ஒரு கட்டளைப் பொருளை மரம் தன் இலைகளில் ஏராளமாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு மரம் பூச்சியை முதிரவிடாமல் தடுக்க, மற்றொன்றோ காலந்தவறித் தோலுரிக்குமாறு பூச்சிக்குப் பொய்க்கட்டளை இடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள நாகியா மரம் இந்தப் போடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே.

தாக்கப்பட்ட பின் எழும் தற்காப்பு

மேற்கூறிய அரண்கள் எப்போதும் ஆயத்தமாக இருப்பவை. தாக்குதல் நேர்ந்த பின்னரே எழும் அரண்களும் உள. ஐரோப்பாவிலுள்ள ஸ்காட்ஸ் பைன் மரத்தில் ரம்பப்பூச்சி என்னும் பூச்சி, ஊசியிலையைக் கீறி அதனுள் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து புழு வெளிவருமுன்னரே மரம் விழித்துக்கொள்கிறது. அதன் இலைகளிலிருந்து எழும் மணத்தின் சேர்க்கை மாறுகிறது. அம்மணத்தால் கவரப்பட்டு வரும் நுண்ணிய குளவி ஒன்று, ரம்பப்பூச்சியின் முட்டைகளுக்குள் தன் முட்டைகளை இட்டு அவற்றை அழிக்கிறது. பெர்லின் நகர ஆராய்ச்சியாளர் மோனிகா ஹில்கரும் அவருடைய குழுவினரும் 2002-இல் இதனை வெளியிட்டனர். முட்டையிடப்படாத அண்டைக் கிளைகளிலும் இம்மாற்றம் காணப்பட்டது.

எனினும், எவ்வரணும் முற்றிலும் கடக்க முடியாததன்று. மற்றொரு ரம்பப்பூச்சியின் புழு, பைன் பிசினை விழுங்காமல் தன் முன்குடலிலுள்ள இரு பைகளில் சேமித்துக்கொள்கிறது. எறும்போ சிலந்தியோ தாக்கவரும்போது அப்பிசினையே துளியாகக் கக்கி எதிரியை விரட்டுகிறது. தாமஸ் ஐஸ்னரும் அவருடைய குழுவினரும் 1974-இல் இதனை விளக்கினர். மரத்தின் ஆயுதம் மரத்தின் பகைவனுக்கே கேடயமாகிறது. மரங்கள் ஒரே பொருளை நம்பியிராமல் பல பொருள்களைக் கலந்து தயாரிப்பதற்கான காரணத்தை இத்தகைய போராட்டங்களிற் காணலாம்.

பிசினில்லாத மரம்

இப்போது யூ மரத்திற்கு வருவோம். டாக்ஸஸ் வாலிச்சியானா என்னும் இமாலய யூ மரம், காஷ்மீர் முதல் அருணாசலப் பிரதேசம் வரையிலும், மேகாலயாவின் காசி மலை போன்ற வடகிழக்கு மலைகளிலும் காணப்படுகிறது. கார்வால் பகுதியில் இதனைத் தூநேர் என்பர். பெருமரங்களின் நிழலில் மிக மெதுவாக வளரும் இம்மரத்தில், ஆண் மரமும் பெண் மரமும் வெவ்வேறு.

யூ மரத்தின் இலையில் பிசின் நாளங்களே இல்லை. பிசின் இல்லாத மரம் பாதுகாப்பற்றது என்று எண்ணிவிடலாகாது. பிசின் அமிலங்களுக்கு மூலமான அதே இருபது கார்பன் பொருளைக் கொண்டு, யூ மரம் டாக்ஸேன் என்னும் வேறு வகைப் பொருள்களைத் தயாரிக்கிறது. அவற்றுள் டாக்ஸீன் என்னும் நச்சுத் தொகுதி இதயத் தசையிலுள்ள சோடியம், கால்சியம் வழிகளை அடைத்து இதயத் துடிப்பைச் சீர்குலைக்கிறது. யூ இலையை மேய்ந்த மாடுகளும் குதிரைகளும் சில மணி நேரத்திற்குள் மடிந்துபோவதுண்டு. இலை உலர்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. விதையும் நஞ்சே, அதனைச் சூழ்ந்துள்ள சிவந்த சதைப்பகுதி ஒன்றே நஞ்சற்றது.

இந்நச்சு மரத்திலிருந்தே 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புற்றுநோய் மருந்துகளுள் ஒன்று கிடைத்தது. 1962-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலக் காடுகளில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வானி ஆகிய இருவரும் அதிலிருந்து டாக்ஸால் என்னும் பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். மன்சுக் வானி 1925-இல் மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2020-இல் காலமானார்.

இப்பொருள் செயற்படும் விதத்தை 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். செல் இரண்டாகப் பிரியும்போது நுண்குழாய்கள் என்னும் சாரங்கள் உள்ளே கட்டப்படுகின்றன. வேலை முடிந்ததும் அவை பிரிக்கப்படவேண்டும். டாக்ஸால் அவற்றைப் பிரியவொட்டாமல் இறுக்கிவிடுகிறது. சாரம் பிரிக்கப்படாத கட்டடத்தில் மேல்வேலை நின்றுபோவது போல, புற்றுநோய்ச் செல்லும் பிரிய முடியாமல் மடிகிறது. நுண்குழாய்கள் பூஞ்சை போன்ற உயிர்களிடத்தும் உண்டு. வேரையும் தண்டையும் அழுகச் செய்யும் பித்தியம், பைட்டோப்தோரா ஆகியவற்றின் வளர்ச்சியை டாக்ஸால் தடுக்கிறது. ஆகவே, நோயுண்டாக்கும் இத்தகைய உயிர்களை விலக்குவது இப்பொருளால் மரத்திற்குக் கிட்டும் பயனாகலாம் எனக் கருத இடமுண்டு.

1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு இம்மருந்தை வழங்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்ளிடாக்ஸல் என்னும் பெயரில் இன்று அது உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பட்டையா, இலையா

ஆனால் ஒரு பெருந்தடை இருந்தது. 1 கிலோகிராம் மருந்து பெற ஏறத்தாழ 10,000 கிலோகிராம் பட்டை தேவைப்பட்டது. பட்டையை முழுதும் உரித்தால் மரம் பட்டுப்போகும். மெதுவாக வளரும் மரத்தை இவ்வாறு அழித்து மருந்து செய்வது நெடுங்காலம் நடவாத செயல்.

விடை ஊசியிலையில் கிடைத்தது. 1980-களில் பிரான்சில் பியர் போத்தியேயின் குழுவினர், ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் டாக்ஸாலுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு மூலப்பொருள் இருப்பதையும், அதன் அளவு பட்டையிலுள்ள டாக்ஸாலைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் கண்டனர். அப்பொருளுடன் ஒரு பக்கச்சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் இணைத்தால் மருந்து உருவாகிறது. டோசிடாக்ஸல் என்னும் இரண்டாவது மருந்தும் இவ்வாறே பிறந்தது. இலை கிள்ளினால் மரம் சாவதில்லை, மீண்டும் துளிர்க்கும். ஐரோப்பாவில் வேலியாக வளர்க்கப்படும் யூ மரங்களைக் கத்தரிக்கும்போது விழும் தழைகளே இதற்குப் பயன்பட்டன. பின்னர், யூ மரத்தின் செல்களைத் தொட்டிகளில் வளர்த்து மருந்தைப் பெறும் முறையும் வந்தது.

இமயமலையில் நிகழ்ந்தது வேறு. மருந்தின் புகழ் பரவியதும் காட்டிலிருந்த யூ மரங்களின் பட்டையும் தழையும் அளவின்றி எடுக்கப்பட்டன. மெதுவான வளர்ச்சி, எளிதில் முளைக்காத விதை, ஆண் பெண் மரங்கள் தனித்தனியே இருத்தல் ஆகியவற்றால் இழப்பு ஈடாகவில்லை. 1995-இல் இம்மரத்தின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. 2011-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் ஒன்றாக மதிப்பிட்டது. தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து நாற்று உண்டாக்க இயலும். எனவே, காட்டு மரத்தைச் சூறையாடாமல், பயிரிட்ட மரத்தின் இலையை அளவாகக் கொய்வதே நிலைத்த வழி.

இரு இலைகளைப் பிரித்தறிதல்

இனி, அல்சூர்க் கடைவீதியில் தொடங்கிய செய்திக்குத் திரும்பலாம். தாளிசம் என்பது ஃபர் இலை என்றும், யூ இலை ஸ்தௌணேயம் என்னும் தனிச் சரக்கு என்றும் இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் தெளிவாகப் பிரித்துக் கூறுகிறது. வணிகத்தில் இவ்வேறுபாடு எப்போதும் பேணப்படவில்லை. வட இந்தியச் சந்தைகளில் யூ இலை தாளிசபத்திரி என்னும் பெயரில் விற்கப்பட்டதைப் பழைய மருந்துச்சரக்கு நூல்கள் குறிப்பிடுகின்றன. தென்னாட்டில் முற்றிலும் வேறான அகன்ற இலைகளும் அப்பெயரில் விற்கப்பட்டதுண்டு. அகன்ற இலையை எவரும் கண்டுகொள்ளலாம். ஃபர் இலையையும் யூ இலையையும் பிரித்தறிவதே கடினம். அதற்குதவும் அடையாளங்கள் வருமாறு:

நுனி: ஃபர் இலையின் நுனி சிறிது பிளவுபட்டிருக்கும். யூ இலையின் நுனி படிப்படியாகக் கூர்மையாகும்.

மேற்புறம்: ஃபர் இலையின் நடுவே பள்ளம் ஓடும். யூ இலையில் நடுநரம்பு புடைத்திருக்கும்.

கீழ்ப்புறம்: ஃபர் இலையில் நடுநரம்பின் இருமருங்கும் வெண்ணிறப் பட்டைகள் இரண்டு தெளிவாகத் தெரியும். யூ இலையில் அவை வெளிறிய மஞ்சட்பச்சை நிறமாக இருக்கும்.

அடிப்பகுதி: ஃபர் இலை உதிர்ந்தால் கிளையில் வட்டமான தழும்பு எஞ்சும். யூ இலையின் குறுகிய காம்பு கிளையோடு ஒட்டிக் கீழிறங்கும்.

மணம்: ஃபர் இலையைக் கசக்கினால் பிசின் மணம் எழும். யூ இலையில் அம்மணம் இல்லை.

குறுக்குவெட்டு: ஃபர் இலையில் பிசின் நாளங்கள் இரண்டு உண்டு. யூ இலையில் ஒன்றுமில்லை.

இவற்றுள் இறுதியானதே உறுதியான சான்று. மணம் பழைய சரக்கில் மங்கிவிடும், நுனி முறிந்துபோகலாம், குறுக்குவெட்டின் அமைப்பு மாறுவதில்லை. உலர்ந்த இலையை நீரில் ஊறவைத்துச் சவரக்கத்தியால் மெல்லிய சீவலாக வெட்டி, சாதாரண உருப்பெருக்கியில் இதனைக் காணலாம். எவ்விலையையும் சுவைத்துப் பார்த்து அறிய முற்படுதல் கூடாது. ஐயமுள்ள சரக்கைத் தக்க ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதே முறை. கால்நடைகளுக்குப் பச்சைத் தழை வெட்டும் மலைப்பகுதிகளில் யூ மரத்தை ஊரார்க்கு அடையாளம் காட்டி வைப்பதும் கள ஊழியர்களின் கடமையாகும்.

வகுப்பறைக்கு ஏற்ற சோதனைகள்

சமவெளிப் பள்ளிகளிலும் இப்பாடத்தைச் செய்து காட்ட இயலும். சவுக்கின் பசுங்கிளை ஒன்றைக் கணுவில் பிரித்து, அங்குள்ள பற்களை உருப்பெருக்கும் கண்ணாடியால் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதன் அருகே அராகேரியா இலையை வைத்தால், தோற்ற ஒற்றுமை உறவாகாது என்பது விளங்கும்.

பிசின் இறுகும் விதத்தைக் காட்டச் சிறிதளவு ரோசனமும் பைன் மரத்துக் கற்பூரத் தைலமும் போதும். ரோசனத்தைப் பொடித்துத் தைலத்தில் கரைத்தால் மரத்திலிருந்து வடியும் பிசினையொத்த திரவம் கிடைக்கும். அதனைக் கண்ணாடித் தகட்டில் ஒரு கீறலின்மீது துளியாக விட்டு வைத்தால், தைலம் ஆவியாக ஆவியாகத் துளி முதலில் பிசுபிசுப்பாகிப் பின்னர் இறுகிக் கீறலை மூடும். காயம்பட்ட ஊசியிலையில் நடப்பதும் இதுவே. தைலம் தீப்பற்றக்கூடியது, ஆகையால் அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் ஆசிரியரே இச்சோதனையைச் செய்து காட்டவேண்டும்.

இலை தனக்கெனச் சேர்த்த பொருள் எதுவாயினும், அது மருந்தாவதும் நஞ்சாவதும் மரத்தின் இனத்தையும் உட்கொள்ளும் அளவையும் பொறுத்தவை. ஃபர் இலையின் பிசின் சூரணத்தில் சேர்கிறது. யூ இலையின் நஞ்சு மருத்துவர் கையில் அளந்து செலுத்தப்படும்போது உயிர் காக்கிறது. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கலந்தால் கேடே விளையும். கடைக்கு வரும் சரக்கின் பெயரை நம்புவதோடு அமையாமல், இலையின் உள்ளமைப்பையும் பார்த்தறியும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டுவது பயனுடைய பணியாகும்.